மேடைப் பேச்சு: ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கணக்கு முடிக்கும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பேச வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது, நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்துப் பெரும்பாலானவர்கள் செய்வது, லேப்டாப்பைத் திறந்து முதல் ஸ்லைடில் தலைப்பையும் தங்கள் பெயரையும் போடுவது. உண்மையில் அது கடைசி வேலைகளில் ஒன்று. பேச்சு எடுபடுமா இல்லையா என்பது அழைத்தவரிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதனால் ஏதாவது பலன் உண்டா என்பது, பேசி முடித்தபின் வரும் இரண்டு மூன்று நாளில் முடிவாகிறது. குரல், கை அசைவு, கண் பார்வை பற்றியெல்லாம் சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். எனவே இந்த இரண்டு முனைகளுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

## அழைத்தவரிடம் கேட்க வேண்டியவை

“தலைப்பு உங்கள் விருப்பம், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்” என்று அமைப்பாளர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். தனக்கு என்ன வேண்டும் என்று அவர் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். யோசிக்க வைப்பது உங்கள் வேலை. அதற்கு நான் பயன்படுத்தும் கேள்வி இது: “என் பேச்சைக் கேட்டவர்கள் மறுநாள் எதைச் செய்தால், அல்லது எதைச் செய்யாமல் விட்டால், நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தது என்று நினைப்பீர்கள்?” முதலில் கொஞ்சம் திணறுவார்கள். அப்புறம் வரும் பதில்தான் உங்கள் உண்மையான தலைப்பு. போஸ்டரில் அச்சாகும் தலைப்பு வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து நடைமுறைக் கேள்விகள். கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்:

- வருகிறவர்கள் யார்? தாங்களாக வருகிறார்களா, கட்டாயத்தின் பேரில் வருகிறார்களா? இரண்டாவது வகைக் கூட்டம் என்றால், ‘இது உங்களுக்கு எதற்கு’ என்று சொல்லவே முதல் சில நிமிடங்கள் போய்விடும்.
- இந்த விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்? இதைப் பற்றி இதே மேடையில் யாராவது பேசியிருக்கிறார்களா?
- முப்பது நிமிடம் என்றால் கேள்வி பதிலும் சேர்த்தா? வரவேற்பு, அறிமுகம் எல்லாம் அதற்குள் வருமா?
- எனக்கு முன்னால் பேசுவது யார், பின்னால் யார்? சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பா, பின்பா?
- அறை எவ்வளவு பெரியது, எத்தனை பேர், என்ன மைக், திரை உண்டா?
- பதிவு செய்வீர்களா, நேரலையா? அதை எங்கே வெளியிடுவீர்கள்? எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?
- கட்டணம் உண்டா, பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு?

கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். இலவசமாகப் பேசுவதில் தவறில்லை, அது இலவசம் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் சரி. தொகை பேசுவதாக இருந்தால் முதல் உரையாடலிலேயே பேசிவிட வேண்டும். பெயர் அச்சான பிறகு அந்தப் பேச்சை எடுப்பது இருவருக்கும் சங்கடம்.

போனில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை நிமிடம், தொகை, தொழில்நுட்ப ஏற்பாடு, நிகழ்ச்சி அன்று யாரை அழைக்க வேண்டும் என்று பத்து வரி போதும். “நான் புரிந்துகொண்டது இது, ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்” என்று முடித்தால், ஒப்பந்தம் மாதிரித் தெரியாது, ஆனால் அந்த வேலையைச் செய்யும்.

## ஒரே ஒரு வாக்கியம்

எழுத உட்காரும் முன் பேச்சின் சாரத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘நேர மேலாண்மை’ என்பது வெறும் தலைப்பு. ‘எந்த முடிவை எடுக்கக் கூடுகிறோம் என்று முந்தின நாளே எழுதி அனுப்பினால் பாதிக் கூட்டங்கள் சீக்கிரம் முடியும்’ என்பது வாக்கியம். இதை யாராவது மறுக்க முடியும், செய்து பார்க்க முடியும், வீட்டுக்குப் போய் இன்னொருவரிடம் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடியாத பேச்சு கேட்கும்போது இனிமையாக இருக்கும், மறுநாள் ஒன்றும் மிஞ்சாது.

வாக்கியம் கிடைத்ததும் கையில் உள்ள செய்திகள், கதைகள், எண்கள் அனைத்தையும் ஒழுங்கு பார்க்காமல் எழுதிக் குவியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு உதவாதது எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியே. வலிக்கும்தான். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் அன்றைய புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள், இரண்டு மூன்று நிமிடம். எது நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை. டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சியின் மேடையில் எவ்வளவு பெரிய அறிஞருக்கும் 18 நிமிடம்தான் உச்ச வரம்பு.

## எழுதுவதும் பேசுவதும்

தமிழில் பேசுபவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுதும்போது நம் கை தானாக எழுத்து நடைக்குப் போய்விடும். மேடையில் அதை அப்படியே வாசித்தால் செய்தி அறிக்கை போல இருக்கும். நடுவில் பதற்றத்தில் பேச்சு வழக்குக்கு மாறினால் இரண்டு ஆட்கள் மாறி மாறிப் பேசுவது போலிருக்கும். எந்த நடையில் பேசப்போகிறோம் என்பதை முன்பே தீர்மானித்துவிட வேண்டும். எனக்குச் சரியாக வருவது: தொடக்கமும் முடிவும் திருத்தமான நடையில், கதைகளும் உதாரணங்களும் பேச்சு வழக்கில். கதைக்குள் வரும் மனிதர்கள் பேச்சுத் தமிழில் பேசினால்தான் உயிரோடு இருப்பார்கள்.

நீளத்தைச் சொற்களை எண்ணிக் கணக்கிடுபவர்கள் கவனிக்க. நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீளமாகிவிடுவதால் அதே நேரத்தில் குறைவான சொற்களே அடங்கும். நீங்கள் எழுதியதில் ஒரு பக்கத்தை எடுத்து, மேடையில் பேசும் நிதானத்தில் வாய்விட்டு வாசித்து, நேரம் பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. ஒதுக்கிய நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மட்டும் எழுதுங்கள். மீதி சிரிப்புக்கும் இடைநிறுத்தத்துக்கும் தாமதத்துக்கும் போய்விடும்.

தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்காதீர்கள். “எனக்குப் பேச வராது”, “தயாரிக்க நேரம் கிடைக்கவில்லை” என்பவை அடக்கமாகத் தெரிவதில்லை. கேட்பவரின் நேரத்துக்கு மதிப்பில்லை என்றே காதில் விழும். மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் பட்டம் பதவியோடு விளிப்பதையும் சுருக்கிக்கொள்ளுங்கள், தொகுப்பாளர் ஏற்கெனவே அதைச் செய்திருப்பார். ஒரு கேள்வி, ஒரு சம்பவம், எதிர்பாராத ஒரு எண் என்று நேராக உள்ளே போய்விடலாம். எண்களை முழுமையாக்கிச் சொல்லுங்கள். காகிதத்தில் 48,732 என்று இருக்கட்டும், வாயில் ‘கிட்டத்தட்ட ஐம்பதாயிரம்’ போதும்.

## குறிப்பா, மனப்பாடமா?

இளம் வயதில் சர்ச்சில் தன் உரைகளை மனப்பாடம் செய்து பேசுபவர். 1904-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசும்போது நடுவில் வரி மறந்துபோய், தொடர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு முழுக் குறிப்பு இல்லாமல் அவர் பேச எழுந்ததில்லை என்பார்கள். முழு மனப்பாடத்தில் உள்ள ஆபத்து இதுதான்: ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது கைக்கு வராது.

நான் சொல்வது இடைப்பட்ட வழி. முதல் நான்கைந்து வாக்கியமும் கடைசி நான்கைந்து வாக்கியமும் மட்டும் வார்த்தை பிசகாமல் மனப்பாடம். நடுப்பகுதிக்கு, கையளவு அட்டையில் ஒரு பகுதிக்கு ஒரு வரி. பெயர்கள், எண்கள், மேற்கோள்கள் மட்டும் முழுதாக. எழுத்து பெரிதாக, அட்டைக்கு வரிசை எண் போட்டு. அட்டைகள் கீழே விழுந்து கலையும் நாளில் அந்த எண்ணின் அருமை புரியும்.

‘மனதில் வருவதைப் பேசுவதுதான் இயல்பு’ என்று சிலர் வாதிடுவார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் கையிலிருந்த உரையை விட்டு விலகித் தன் கனவைப் பற்றிப் பேசிய கதையை உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், அந்தப் பகுதி தயாரித்த பிரதியில் இல்லை. ஆனால் அதே கருத்தை, அதே கனவை, இரண்டு மாதம் முன்பு டெட்ராய்ட்டிலும் அவர் பேசியிருக்கிறார். அந்த நொடியில் வந்தது போலத் தோன்றியது, பலமுறை வாயில் புழங்கிப் பழகிய ஒன்று.

## ஒத்திகை

மனதுக்குள் வாசிப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, மேடையில் பேசும் சத்தத்தில், நேரம் வைத்துப் பேச வேண்டும். முதல் முறை நேரத்தை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலைக் கேட்க உங்களுக்கே பிடிக்காது, யாருக்கும் பிடிப்பதில்லை. அதைத் தாண்டி, எங்கே வேகம் கூடுகிறது, எங்கே ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’ குவிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இப்படிப்பட்ட நிரப்புச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். பிறகு, இந்தத் துறை தெரியாத ஒருவர் முன் பேசிக் காட்டி, “நான் என்ன சொன்னேன்?” என்று மட்டும் கேளுங்கள். உங்கள் ஒற்றை வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஏதாவது வந்தால் சரி. வராவிட்டால் ஒத்திகையை நிறுத்திவிட்டு எழுத்துக்குத் திரும்புங்கள்.

அனுபவசாலிகள் தவறாமல் செய்து, புதியவர்கள் தவறவிடும் ஒத்திகை ஒன்று உண்டு: பாதி நேர ஒத்திகை. முன்னால் பேசியவர் இழுத்துவிட்டார், “உங்களுக்குப் பத்து நிமிடம்தான்” என்று காதில் சொல்கிறார்கள். இது எப்போதாவது நடப்பதல்ல, அடிக்கடி நடப்பது. எந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிடுவது என்று அட்டையிலேயே வேறு நிறத்தில் குறித்து வையுங்கள். வேகமாகப் பேசி எல்லாவற்றையும் திணிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தீர்வு.

## ஸ்லைடுகள்

இல்லாமல் பேச முடிந்தால் இல்லாமலே பேசுங்கள். தேவை என்றால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து, கடைசி வரிசைக்கும் தெரியும் எழுத்து, வாக்கியங்களுக்குப் பதிலாகப் படமோ எண்ணோ. நீங்கள் வாசிக்கப்போகும் வரியைத் திரையில் போடாதீர்கள், உங்களைவிட அவர்கள் வேகமாக வாசித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்திருந்தாலும் அங்கே வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகள் இடம் மாறிவிடலாம். பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. உங்கள் லேப்டாப்பையே பயன்படுத்துவதானால், அதற்கும் புரொஜெக்டருக்கும் இடையிலான கேபிள் முனையை நீங்களே கொண்டுபோங்கள்.

## நிகழ்ச்சி நாள்

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கூட்டம் சேரும் முன் மேடையில் ஏறி நின்று பாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தும் பாருங்கள். ஒலி அமைப்பாளரிடம் நட்பாக இரண்டு வார்த்தை பேசுங்கள். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றவோ கைவிடவோ கூடியவர் அவர்தான். மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம், பேச்சின் முதல் வரியையே சொல்லிச் சோதியுங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாய்க்குச் சற்றுக் கீழே, நான்கு விரல் தூரத்தில். தலை திரும்பும்போது மைக்கும் திரும்ப வேண்டும். அதன் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்தாலோ, ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாலோ ‘கீ’ என்று அலறும். சட்டையில் குத்தும் மைக் என்றால் அடையாள அட்டை, சங்கிலி எதுவும் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையை விட்டு இறங்கியதும் அதை அணைக்க மறக்காதீர்கள். மறந்தவர்கள் கதை நிறைய உண்டு.

உங்களை அறிமுகம் செய்யப்போகிறவரிடம், நீங்களே எழுதிய நான்கு வரி அறிமுகத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இணையத்தில் கிடைத்த பழைய தகவல்களை ஐந்து நிமிடம் வாசிப்பார், அதுவும் உங்கள் நேரத்தில்.

பதற்றம் பற்றிக் கொஞ்சம். இதயம் துடிப்பதும் வாய் உலர்வதும் அட்ரினலின் செய்யும் வேலை. ‘அமைதியாக இரு’ என்று உடம்பிடம் சொன்னால் கேட்காது. ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். துடிப்பு அதேதான், பெயர்தான் வேறு. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட ஆறுதலானது. நம் பதற்றம் வெளியே தெரிவதாக நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்ட பேச்சாளர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மேடையேறும் முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டமாக்கிச் சில முறை விடுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், போதும்.

பேசும்போது ஒரு வாக்கியத்தை ஒருவரைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டு அடுத்தவருக்கு நகருங்கள். மறந்துபோனால் நிறுத்தி அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் மௌனம், கேட்பவருக்கு மூச்சுவிடும் இடைவெளி. நேரம் முடியும் முன் முடியுங்கள்.

## கேள்வி நேரம்

கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கும், பதிவிலும் இருக்கும், உங்களுக்கும் யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். கேள்வி என்ற பெயரில் உரையாற்றுபவரிடம், அவர் மூச்சு வாங்கும் இடத்தில், “நீங்கள் கேட்பது இதுதானே?” என்று ஒரு வரியில் சுருக்கிக் கேட்டுப் பதிலுக்குப் போய்விடலாம். வம்புக்கு வருபவருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பி அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் தொடரச் சொல்வது மாதிரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “பார்த்துச் சொல்கிறேன்” என்றால் அப்போதே, எல்லாரும் பார்க்க, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி பெரும்பாலும் சொத்தையாகத்தான் இருக்கும். அதோடு முடித்தால் அந்தச் சுவைதான் நிற்கும். எனவே உங்கள் முடிவுரையில் ஒரு பகுதியைக் கையில் வைத்திருந்து, கேள்விகளுக்குப் பிறகு சொல்லி முடியுங்கள்.

## பேசி முடித்த பிறகு

கைதட்டல் ஓய்ந்ததும் ஓடிவிடாதீர்கள். மைக்கில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அப்போதுதான் வருவார்கள், நல்ல கேள்விகளும் அப்போதுதான் வரும். வாகனத்தை அரை மணி நேரம் தள்ளி வரச் சொல்லுங்கள். தொடர்பு எண் கொடுப்பவரிடம் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது, எதற்காகக் கொடுத்தார் என்று பக்கத்திலேயே இரண்டு சொல் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அது வெறும் எண்.

அன்றிரவு, தூங்குவதற்கு முன், கால் மணி நேரம். எங்கே சிரித்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள், எந்த இடத்தில் நேரம் போனது, எந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதினால் ‘நன்றாகப் போனது’ அல்லது ‘சொதப்பல்’ என்று ஒரு சொல்தான் நினைவிருக்கும், இரண்டாலும் பயனில்லை.

மறுநாள் அமைப்பாளருக்கு நன்றி. கெட்டிஸ்பர்க்கில் இரண்டு மணி நேரம் பேசிய அதே எவரெட், மறுநாளே லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். நிகழ்வின் மையக் கருத்தை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டதற்கு அருகிலாவது நான் இரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் மகிழ்வேன் என்பது அதன் சாரம். பதிலும் அன்றே வந்தது. நன்றிக் கடிதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வேகமும் குறிப்பிட்டுச் சொல்லும் குணமும்தான். ‘சிறப்பான ஏற்பாடு’ என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ‘மைக் நின்றுபோனபோது உங்கள் தன்னார்வலர் ஓடிவந்து வேறொன்றைக் கொடுத்தார், அவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்’ என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். அதே மின்னஞ்சலில் ஸ்லைடின் பிடிஎஃப், பதிவின் பிரதி எப்போது கிடைக்கும் என்ற கேள்வி, கட்டணம் பேசியிருந்தால் பில். பில்லை அனுப்பாமல் ‘அவர்களே நினைவில் வைத்துத் தருவார்கள்’ என்று காத்திருப்பவர்கள் நீண்ட நாள் காத்திருப்பார்கள். பணம் தருவதாக ஒப்புக்கொண்ட தேதி தாண்டினால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், விளக்கமோ தயக்கமோ வேண்டாம்.

இரண்டு நாளுக்குள், ‘பார்த்துச் சொல்கிறேன்’ தாளை எடுங்கள். இதைத்தான் பெரும்பாலான பேச்சாளர்கள் செய்வதில்லை. கேட்டவரின் தொடர்பு இல்லாவிட்டால் அமைப்பாளர் வழியாக அனுப்பலாம். மேடையில் சொன்ன தகவல் ஏதாவது தவறு என்று பின்னால் தெரிந்தால், திருத்தத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

பதிவு கைக்கு வந்ததும் இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை சத்தத்தை மட்டும் கேட்டு, ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு. சத்தமில்லாமல் பார்க்கும்போதுதான் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது, எந்தப் பக்கக் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரியும். அடுத்த முறைக்கு மாற்ற ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பாளரிடம் கருத்துக் கேட்கும்போதும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “அருமை” என்று மட்டும்தான் பதில் வரும். “எந்தப் பகுதியை நான் விட்டிருக்கலாம்?” என்று கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு இன்னொரு சிறு மின்னஞ்சல்: “அன்று பேசியதை யாராவது செய்து பார்த்தார்களா?” அவர் சொல்லும் ஒரு சம்பவம், அடுத்த முறை இதே தலைப்பில் பேசும்போது உங்கள் முதல் உதாரணமாகலாம், பெயரைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி கேட்க வேண்டாம்.